மூன்றாண்டு மின்சாரம் கண்ட கொலாபா நிலையம்

கரிசல் காட்டின் நடுவே நிமிர்ந்து நிற்கும் இரயில் நிலையத்தைக் காணும்போது, அது என்றென்றும் அங்கேயே இருக்கும் என்ற எண்ணம் நமக்குத் தோன்றுகிறது. கோவில்பட்டி வழியே மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1876-ஆம் ஆண்டில். நீராவி வண்டி போய் டீசல் வந்தது. டீசலுக்குப் பின் மின்சாரம் வந்தது. மீட்டர் பாதை அகலப் பாதையாயிற்று. ஒற்றைத் தடம் இரட்டைத் தடமாயிற்று. நிலையம் மட்டும் நிலைத்து நிற்கிறது.

எல்லா நிலையங்களுக்கும் இந்த நல்வாய்ப்புக் கிடைத்ததில்லை. தனுஷ்கோடி நிலையம் 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய புயலில் அழிந்ததை நாம் அறிவோம். அது இயற்கை கொண்டுபோன நிலையம். மனிதர்களின் முடிவினால் மறைந்த நிலையங்களும் உண்டு. அவற்றுள் ஒன்றுதான் பம்பாய் (இன்றைய மும்பை) நகரின் தென்கோடியில் இருந்த கொலாபா நிலையம்.

கொலாபாவுக்கு மின்சாரப் புறநகர் வண்டி வந்து சேர்ந்தது 1928-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள். அந்த நிலையம் மூடப்பட்டது 1930-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள். அதாவது, மின்சாரப் புறநகர் நிலையம் என்ற முறையில் அதன் ஆயுள் மூன்று ஆண்டுக்கும் சில நாட்கள் குறைவு. புதிய சக்தி வந்து சேர்ந்த உடனேயே ஒரு நிலையம் மூடப்படுவானேன்? இதில் வரலாறும் இருக்கிறது, பௌதிகமும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

பருத்தி தந்த பிறப்பு

கொலாபாவின் கதையும் நம் கரிசல் சீமையின் கதையும் ஒரே பொருளில் தொடங்குகின்றன. அப்பொருள் பருத்தி.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தது. இங்கிலாந்தின் நூற்பாலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி கிடைக்கவில்லை. ஆலை முதலாளிகளின் பார்வை இந்தியாவின் கரிசல் நிலங்கள்மீது விழுந்தது. தக்காணத்துப் பருத்தியும் குஜராத்துப் பருத்தியும் பம்பாய்த் துறைமுகம் வழியே கப்பலேறின. நம் பகுதியின் திருநெல்வேலிப் பருத்தி தூத்துக்குடி வழியே சென்றது. பருத்தி விலை பன்மடங்கு உயர்ந்தது. பம்பாயில் பணம் வெள்ளமெனப் பாய்ந்தது.

அந்தப் பணத்தின் ஒரு பகுதி கடலைத் தூர்க்கும் கம்பெனிகளில் போடப்பட்டது. பம்பாய் நகரின் மேற்குக் கரையில் பிறை வடிவில் வளைந்து கிடக்கும் கடற்பகுதிக்கு 'பேக் பே' என்று பெயர். அதை மேடாக்கி நிலமாக்குவதற்கென்றே ஒரு கம்பெனி தோன்றியது. அந்நிலத்தில் 'பம்பாய் பரோடா மத்திய இந்திய இரயில்வே' தன் பாதையைத் தெற்கே கொலாபா வரை கொண்டு செல்வது என்பது ஏற்பாடு. 1865-இல் அமெரிக்கப் போர் முடிந்தது. பருத்தி விலை சரிந்தது, கம்பெனிகள் கவிழ்ந்தன. எஞ்சியது கடலோரமாக ஒரு குறுகிய நிலப்பட்டை. இருப்புப்பாதை அதன்மீது அமைந்தது.

1867-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் விரார் என்னும் ஊரிலிருந்து பேக் பே வரை நாளொன்றுக்குப் போக ஒன்றும் வர ஒன்றுமாகப் புறநகர் வண்டி ஓடத் தொடங்கியது. 1870-இல் சர்ச்கேட் நிலையமும், 1873-இல் அதற்குத் தெற்கே சுமார் இரண்டு கிலோமீட்டர் தொலைவில் கொலாபா நிலையமும் வந்தன. 1896-இல் கொலாபாவுக்குப் புதிய கட்டடம் கிடைத்தது. நகரின் பருத்திச் சந்தை 1844 முதலே கொலாபாவில்தான் இருந்தது. மூட்டை மூட்டையாகப் பருத்தி அங்கே வந்து குவிந்தது. புறநகர்ப் பயணிகளுக்கும் தொலைதூரப் பயணிகளுக்கும் பருத்திக்கும் அதுவே கடைசி நிலையமாயிற்று.

தூத்துக்குடிக்கு இரயில் வந்தது இதற்கு மூன்று ஆண்டுகள் பின்னால்தான் என்பதைக் கவனியுங்கள். ஒரே பருத்தி இரு துறைமுகங்களுக்கும் தண்டவாளம் போட வைத்தது.

ஒரு நிறுத்தத்தின் விலை

புறநகர் இரயிலுக்கும் தொலைதூர இரயிலுக்கும் உள்ள பெரிய வேறுபாடு, புறநகர் இரயில் அடிக்கடி நிற்க வேண்டும் என்பதே. நிற்பதில் என்ன செலவு என்று கேட்கலாம். நமக்குப் பழக்கமான பாதையிலேயே கணக்கிட்டுப் பார்ப்போம்.

சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் இடையே நள்ளி என்ற சிறு நிலையம் இருக்கிறது. கோவில்பட்டிக்கும் கடம்பூருக்கும் இடையே குமாரபுரம் இருக்கிறது. மணிக்கு 90 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் வரும் ஒரு வண்டி இத்தகைய நிலையத்தில் நின்று புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். வினாடிக்கு வினாடி 0.5 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைத்தால் நிற்க 50 வினாடிகள் ஆகும். நிற்காமல் சென்றிருந்தால் அதே தூரத்தை 25 வினாடிகளில் கடந்திருக்கும். மீண்டும் புறப்பட்டு, வினாடிக்கு வினாடி 0.25 மீட்டர் வீதம் வேகம் கூட்டினால் பழைய வேகத்தை எட்ட 100 வினாடிகள் ஆகும். நிற்காத வண்டிக்கு அந்தத் தூரம் 50 வினாடிப் பயணமே. ஆக, வேகம் குறைப்பதில் 25 வினாடியும் கூட்டுவதில் 50 வினாடியும் இழப்பு. நிலையத்தில் ஒரு நிமிடம் நின்றால் மொத்த இழப்பு 135 வினாடிகள். 'ஒரு நிமிடம்தானே நிற்கிறது' என்று நாம் நினைப்பது சரியன்று. உண்மையில் அது இரண்டேகால் நிமிடம்.

நேரம் மட்டுமா? வண்டியின் நிறை 900 டன் என்று கொண்டால், அந்த வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் சுமார் 28 கோடி ஜூல். மின்சார வாரியத்தின் கணக்கில் சொன்னால் 78 யூனிட். சாதாரண பிரேக் போடும்போது இவ்வளவு ஆற்றலும் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. இன்றைய மின்சார எஞ்சின்கள் சிலவற்றில், வேகம் குறையும்போது மோட்டாரையே மின்னாக்கியாக மாற்றி ஆற்றலின் ஒரு பகுதியைக் கம்பிக்குத் திருப்பி அனுப்ப வழி இருக்கிறது. நீராவி வண்டியில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஒரே ஒரு நிறுத்தத்துக்கு இந்த விலை என்றால், ஒன்றரைக் கிலோமீட்டருக்கு ஒரு முறை நிற்கும் புறநகர் வண்டியின் நிலை என்ன? அங்கே வண்டியின் உச்ச வேகத்தைவிட, எவ்வளவு விரைவில் வேகம் எடுக்கிறது என்பதே முதன்மையாகிறது. இதைத்தான் முடுக்கம் என்கிறோம்.

சக்கரம் வழுக்காமல் இழுப்பது எப்படி?

கோடை மழை பெய்த கரிசல் பாதையில் பார வண்டியை இழுக்கும் மாடுகளைப் பாருங்கள். மாட்டுக்கு வலு இல்லாமல் இல்லை. குளம்பு மண்ணில் ஊன்ற முடியாமல் வழுக்குகிறது. வலு எவ்வளவு இருந்தாலும் பிடிமானம் அளிக்கும் அளவுக்குத்தான் இழுக்க முடியும். இரயில் எஞ்சினுக்கும் இதுவே விதி. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின்மேல் உருளுகிறது. சக்கரம் வழுக்காமல் தரக்கூடிய இழுவிசை, ஓட்டும் சக்கரங்களின்மேல் அழுந்தும் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. மழையில் அது இன்னும் குறையும்.

ஒரு நீராவி எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் ஓட்டும் சக்கரங்களின்மேல் 45 டன் எடை அழுந்துகிறது. எஞ்சினும் பெட்டிகளுமாக மொத்தம் 400 டன் என்க. கிடைக்கும் இழுவிசை சுமார் 1,12,000 நியூட்டன். இதை 4,00,000 கிலோகிராமால் வகுத்தால் முடுக்கம் 0.28 வருகிறது. அச்சுகளின் உராய்வு, காற்றின் தடை ஆகியவற்றைக் கழித்தால் ஏறத்தாழ 0.2 மீட்டர்/வினாடி² என்று கொள்ளலாம். இன்னும் நான்கு பெட்டிகளைச் சேர்த்தால் இதுவும் குறையும்.

மின்சாரப் புறநகர் வண்டியின் அமைப்பே வேறு. அதில் தனி எஞ்சின் கிடையாது. மூன்று அல்லது நான்கு பெட்டிகளுக்கு ஒன்று வீதம் மோட்டார் பெட்டி இருக்கும். மோட்டார்கள் அப்பெட்டியின் அடியிலேயே அமைந்திருக்கும். மேலே பயணிகள் அமர்ந்திருப்பார்கள். நான்கு பெட்டிகளின் மொத்த நிறை 200 டன், அவற்றுள் மோட்டார் பெட்டி 60 டன் என்று கொள்வோம். இழுவிசை 1,50,000 நியூட்டன் வரை கிடைக்கும், முடுக்கம் 0.75. இழப்புகளைக் கழித்து, பயணிகள் தள்ளாடாமல் நிற்பதற்காகவும் சற்றுக் குறைத்து, 0.5 என்று வைத்துக்கொள்வோம். இதன் சிறப்பு என்னவெனில், இன்னொரு நான்கு பெட்டித் தொகுதியைச் சேர்த்தாலும் முடுக்கம் குறையாது. சுமை இரட்டிப்பாகும்போது இழுவிசையும் இரட்டிப்பாகிறது அன்றோ? பாரம் கூடக்கூட ஒரே சோடி மாட்டை வருத்தாமல், வண்டிக்கு வண்டி தனிச் சோடி பூட்டுவதைப் போன்றது இது.

இனி ஒப்பிடுவோம். நிலையங்களுக்கிடையே 1.5 கிலோமீட்டர், உச்ச வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர், வேகக் குறைப்பு இரண்டு வண்டிகளுக்கும் 0.5. இந்தத் தூரத்தைக் கடக்க முடுக்கம் 0.2 உள்ள நீராவி வண்டிக்கு 148 வினாடிகளும், முடுக்கம் 0.5 உள்ள மின்வண்டிக்கு 123 வினாடிகளும் ஆகின்றன. வேறுபாடு 25 வினாடிதான். ஆனால் இருபது நிலையங்கள் உள்ள பாதையில் அது ஏறத்தாழ எட்டு நிமிடமாகிறது. உச்ச வேகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமலே கிடைத்த ஆதாயம் இது.

இந்தியாவில் முதல் மின்சார இரயில் 1925-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் பம்பாய் விக்டோரியா முனையத்திலிருந்து குர்லாவுக்கு ஓடியது. 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம் மேலே கட்டிய கம்பி வழியே வந்து, மோட்டார்களைச் சுழற்றிவிட்டு, தண்டவாளத்தின் வழியே திரும்பிச் சென்றது. மூன்று ஆண்டுகள் கழித்து மேற்குக் கரைப் பாதையில் கொலாபாவிலிருந்து போரிவிலி வரை அதே முறை வந்தது. சென்னையில் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் பாதையில் மின்வண்டி ஓடத் தொடங்கியது 1931-இல்.

கடைசி நிலையத்தின் சிக்கல்

மின்சாரம் கொலாபாவுக்கு நன்மைதானே செய்தது என்று கேட்பீர்கள். இங்கேதான் ஒரு விந்தை இருக்கிறது.

கொலாபா இடைவழி நிலையம் அன்று. பாதை முடியும் முனையம். நீராவி வண்டி ஒன்று முனையத்துக்குள் நுழைந்தால் அதன் எஞ்சின் முன்னே முட்டுக்கட்டைக்கும் பின்னே தன் பெட்டிகளுக்கும் இடையில் அகப்பட்டுக்கொள்கிறது. வண்டி திரும்பிப் போக வேண்டுமானால் மறுமுனையில் வேறொரு எஞ்சினை மாட்ட வேண்டும். அல்லது பக்கத்துத் தடம் வழியே அதே எஞ்சினைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். பிறகு அதற்கு நீர் வேண்டும், நிலக்கரி வேண்டும், சாம்பல் கொட்ட இடம் வேண்டும். திசை மாற்றச் சுழல்மேடையும், நிறுத்திவைக்கக் கொட்டகையும் வேண்டும். நீராவிக் காலத்து முனையத்துக்கு நடைமேடையைவிட யார்டே பெரிதாக இருந்ததன் காரணம் இதுதான்.

மின்வண்டிக்கு இவை எதுவும் வேண்டாம். இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை உண்டு. ஓட்டுநர் இறங்கி நடந்து மறுமுனைக்குப் போய் ஏறினால் வண்டி திரும்பிவிட்டது என்று பொருள்.

இதையும் எண்ணால் பார்ப்போம். நீராவி வண்டி ஒன்று நடைமேடையில் 20 நிமிடம் தங்குவதாக வைத்துக்கொண்டால், ஒரு நடைமேடை மணிக்கு மூன்று வண்டிகளைக் கையாளும். மின்வண்டி 5 நிமிடம் தங்கினால் அதே நடைமேடை பன்னிரண்டு வண்டிகளைக் கையாளும். மணிக்குப் பன்னிரண்டு வண்டிகள் விட, நீராவிக்கு நான்கு நடைமேடைகள். மின்சாரத்துக்குக் கணக்குப்படி ஒன்றே போதும், நடைமுறையில் இரண்டு போதும்.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். புறநகர் வண்டிகளையெல்லாம் இரண்டு கிலோமீட்டர் வடக்கே, யார்டு இல்லாத சிறிய சர்ச்கேட் நிலையத்திலேயே திருப்பி அனுப்பிவிடலாம். தொலைதூர வண்டிகளுக்கு மட்டும் வேறிடத்தில் பெரிய முனையம் கட்டினால் போதும். எந்த மின்சாரம் கொலாபா வண்டிகளுக்கு விரைவைத் தந்ததோ, அதே மின்சாரம் கொலாபா இல்லாமலும் காலந்தள்ளலாம் என்ற நிலையையும் உண்டாக்கிவிட்டது.

கடலில் பிறந்த நிலம்

ஆனால் ஒரு நிலையம் இல்லாமலும் முடியும் என்பது வேறு, அது இருக்கக் கூடாது என்பது வேறு. இரண்டாவது முடிவுக்குக் காரணம் நிலம்.

1920-இல் பம்பாய் அரசாங்கம் பேக் பே கடலைத் தூர்க்கும் வேலையை மீண்டும் தொடங்கியது. அப்போது ஆளுநராக இருந்தவர் ஜார்ஜ் லாயிட். கடலுக்குள் கல்லால் ஒரு நீண்ட சுவர் எழுப்புவது. கடலடிச் சேற்றைத் தூர்வாரும் கப்பலால் உறிஞ்சிக் குழாய் வழியே சுவருக்கு உட்புறம் கொட்டுவது. சேறு படிந்து இறுகியதும் அதை மனையாக விற்பது — இதுவே திட்டம்.

கண்மாய்க் கரை போடத் தெரிந்த கரிசல் விவசாயி ஒருவர் அங்கே இருந்திருந்தால் ஒரு கேள்வி கேட்டிருப்பார்: "வெறும் கல்லை அடுக்கினால் கசியாதா?" அப்படித்தான் ஆயிற்று. களிமண் துகள் மிக நுண்ணியது. ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் குறைவான அளவுடையது. இவ்வளவு சிறிய துகள் நீரில் மிக மெதுவாகவே கீழிறங்கும். அது படிவதற்குள் அலை ஏறி இறங்கும்போதெல்லாம், கற்களின் இடுக்கு வழியே நீரோடு சேர்ந்து வெளியேறிவிடும். கண்மாய்க் கரையின் வயிற்றில் களிமண்ணைப் போட்டு மிதித்து இறுக்குவது இந்தக் கசிவைத் தடுக்கத்தான். பேக் பேயில் சுவர் கசிந்தது. தூர்வாரும் கப்பல்களும் மதிப்பிட்ட அளவுக்குச் சேற்றைத் தரவில்லை. செலவு மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. மக்கள் அதை 'லாயிடின் மடமை' என்று எள்ளினர். வழக்கறிஞர் கே. எஃப். நரிமன் இத்திட்டத்தின் முறைகேடுகளை வெளிப்படுத்தினார். இன்றும் அப்பகுதியில் 'நரிமன் பாயிண்ட்' அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. எட்டுத் துண்டுகளாக நிலம் எடுக்கத் திட்டமிட்டிருந்தும் அப்போது முடிந்தவை நான்கே.

சர்ச்கேட்டுக்கும் கொலாபாவுக்கும் இடையே ஓடிய இருப்புப்பாதை இந்தப் புது நிலத்துக்கும் பழைய நகருக்கும் நடுவே கோடு கிழித்தாற்போலக் கிடந்தது. புது நிலத்தில் குடியேறுபவர் நகருக்குள் வரத் தண்டவாளத்தைக் கடந்தாக வேண்டும். மணிக்குப் பன்னிரண்டு வண்டிகள் போகவும் பன்னிரண்டு வரவும் ஓடுகின்றன என்று கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் கேட்டை மூடினால் 60 நிமிடத்தில் 48 நிமிடம் கேட் மூடியே இருக்கும். மின்சாரம் வண்டிகளைப் பெருக்க வல்லது என்பதால் இந்த இடைஞ்சலும் பெருகவே செய்யும். அன்றியும், தண்டவாளம் கிடந்த பட்டையே விலைமதிப்புள்ள நிலம். அதை அரசாங்கம் கேட்டது.

பருத்தியும் இதற்குள் இடம் மாறத் தொடங்கியிருந்தது. 1920-களில் பருத்திக் கிடங்குகள் நகரின் கிழக்குக் கரையில் சிவ்ரி பகுதிக்குப் போயின. அங்கே 'காட்டன் கிரீன்' என்ற புறநகர் நிலையம் இன்றும் இருக்கிறது. கொலாபாவைப் பெற்றெடுத்த பருத்தி, கொலாபாவை விட்டுப் போய்விட்டது.

தொலைதூர வண்டிகளுக்காக நகரின் நடுப்பகுதியில் பம்பாய் சென்ட்ரல் நிலையம் 21 மாதங்களில் கட்டி முடிக்கப்பட்டு, 1930-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் திறக்கப்பட்டது. செலவு சுமார் 1 கோடியே 56 இலட்சம் ரூபாய். அடுத்த பதின்மூன்றே நாட்களில், ஆண்டின் கடைசி நாள் நள்ளிரவோடு கொலாபா நிலையம் மூடப்பட்டது. சர்ச்கேட் புறநகர் வண்டிகளின் முனையமாயிற்று. கொலாபா யார்டு இருந்த இடத்தில் இன்று 'பத்வார் பார்க்' என்னும் இரயில்வே குடியிருப்பு இருக்கிறது.

யாருக்கு ஆதாயம், யாருக்கு இழப்பு?

முடிவெடுத்தவர்கள் அறிவற்றவர்கள் என்று சொல்லிவிட முடியாது. பௌதிகம் அவர்கள் பக்கம் இருந்தது: சிறிய முனையமே போதும் என்று மின்சாரம் காட்டியது. நிலக் கணக்கும் அவர்கள் பக்கம் இருந்தது. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வரி விடுபட்டது. அது காலம்.

தண்டவாளத்தைப் பெயர்ப்பது எளிது. பெயர்த்த இடத்தில் கட்டடங்கள் எழுந்தபின் மீண்டும் தண்டவாளம் போடுவது இயலாது. பின்னாளில் அந்தப் புது நிலத்தில் வானளாவிய அலுவலகங்கள் எழுந்தன. நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் சர்ச்கேட்டில் இறங்கி, எஞ்சிய தூரத்தைப் பஸ்ஸிலும் டாக்சியிலும் நடையிலுமாகக் கடந்தனர். நகரம் தெற்கே வளர வளர, வேண்டாம் என்று விட்ட அந்த இரண்டு கிலோமீட்டர்தான் மிகவும் வேண்டிய இரண்டு கிலோமீட்டராயிற்று.

மும்பையின் நிலத்தடி மெட்ரோவின் மூன்றாம் தடம் 2024-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் பகுதி பகுதியாகத் திறக்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டு அக்டோபரில் அது கொலாபாவை அடுத்துள்ள கஃப் பரேட் வரை வந்து சேர்ந்தது. சுமார் 33.5 கிலோமீட்டர் நீளமும் 27 நிலையங்களும் கொண்ட இத்தடத்துக்கான செலவு 37,000 கோடி ரூபாய்க்கும் மேல். பண மதிப்பு மாறிவிட்டதால் 1930-ஆம் ஆண்டின் கணக்கோடு இதை நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. ஆனால் ஒன்று உறுதி. ஒரு காலத்தில் தரைமேல் ஓடி வந்த இரயில், ஏறத்தாழ 95 ஆண்டுகள் கழித்து அப்பகுதிக்குத் திரும்பி வர, பூமிக்கடியில் பாறையைக் குடைந்துதான் வர வேண்டியிருந்தது.

நீங்களே அளந்து பாருங்கள்

முடுக்கம் என்பது புத்தகத்தில் மட்டும் உள்ள சொல் அன்று. அடுத்த முறை இரயிலில் போகும்போது ஒரு மீட்டர் நூலும், முனையில் கட்ட ஒரு சிறு நட்டும், ஓர் அளவுகோலும் எடுத்துச் செல்லுங்கள். பெட்டிக்குள் மேல்பலகையின் கம்பியில் நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள். வண்டி நிற்கும்போது நட்டு இருக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி புறப்படும்போது நட்டு பின்னோக்கி விலகும். ஊசலாட்டம் அடங்கியதும் எத்தனை சென்டிமீட்டர் விலகி நிற்கிறது என்று பாருங்கள். ஒரு மீட்டர் நூலில் 5 சென்டிமீட்டர் விலகினால் முடுக்கம் ஏறத்தாழ 0.5 மீட்டர்/வினாடி². 2 சென்டிமீட்டர் என்றால் ஏறத்தாழ 0.2. விலகல் எத்தனை சென்டிமீட்டரோ அதைப் பத்தால் வகுத்தால் முடுக்கம் கிடைத்துவிடும். புவியீர்ப்பு முடுக்கத்தை 9.8-க்குப் பதில் 10 என்று கொள்வதால் வரும் சிறு பிழையை இங்கே பொருட்படுத்த வேண்டியதில்லை. வளைவான பாதையில் நட்டு பக்கவாட்டிலும் விலகும். ஆகவே நேரான பாதையில் அளப்பது நல்லது. கதவருகில் நின்று இச்சோதனையைச் செய்ய வேண்டாம். எக்ஸ்பிரஸ் வண்டியில் ஒரு முறையும், சென்னைக்குப் போக நேர்ந்தால் தாம்பரம் மின்வண்டியில் ஒரு முறையும் அளந்து ஒப்பிடுங்கள். புறநகர் வண்டியை ஏன் தனியாக வடிவமைக்கிறார்கள் என்பது ஒரு முழ நூலிலேயே விளங்கிவிடும்.

சிறிய நிலையங்களில் எந்த வண்டி நிற்க வேண்டும், எது நிற்கக் கூடாது என்ற வழக்கு நம் ஊர்களில் ஓயாமல் நடக்கிறது. நிற்க வேண்டும் என்று கேட்பவர்கள், ஒரு நிறுத்தத்துக்கு இரண்டேகால் நிமிடமும் 78 யூனிட்டும் விலை என்பதை அறிந்து கேட்க வேண்டும். நிறுத்தத்தை எடுத்துவிடலாம், நிலையத்தை மூடிவிடலாம் என்பவர்கள் கொலாபாவை நினைத்துப் பார்க்க வேண்டும். வண்டியை நிறுத்துவதும் நிறுத்தாமல் விடுவதும் கால அட்டவணையில் ஒரு வரி மாற்றம். அதை அடுத்த ஆண்டே திருத்திக்கொள்ளலாம். நிலத்தைக் கொடுத்துவிட்டால் அதைத் திருத்த ஒரு நூற்றாண்டும் ஒரு சுரங்கமும் வேண்டியிருக்கும். நாளை இருப்புப்பாதைகளை வகுக்கப்போகும் இன்றைய மாணவர்கள் இந்த இரண்டு கணக்குகளையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கப் பழக வேண்டும்.